பேண்ட் எனக்குத்தான்

ஏம்மா, தப்பா நினைக்காத. நீ போட்டிருக்கிற இந்தப் பேண்ட் எங்க எடுத்தது?

பெரம்பூர்ல பஸ் ஏறுனதுலேர்ந்து இதையேதான் பாத்துக்கிட்டு வரேன். துணி நல்லா இருக்கு. பக்கவாட்டுல பாக்கெட் வச்சிருக்கான், அதுக்கு ஜிப்பும் வச்சிருக்கான். கால்கிட்ட தையல் ரெட்டையா ஓடியிருக்கு. பொம்பளைங்க பேண்ட்டுல பாக்கெட் வச்ச மகராசன் யாருன்னு தெரிஞ்சா கையெடுத்துக் கும்பிடுவேன். எந்தக் கடை?

அண்ணா நகரா? ரவுண்டானாகிட்ட, மூணு மாடி, முன்னாடி பூரா கண்ணாடி, வெளிய ஒரு பொண்ணு ஓடுற மாதிரி பெருசா படம் வச்சிருக்கானே, அந்தக் கடையா?

அதானே பாத்தேன். சுத்திச் சுத்தி அங்கயே வந்து நிக்குது பாரு. அங்க லேடீஸ் செக்‌ஷன்ல ஒல்லியா, உயரமா, முடிய இழுத்துக் கட்டிக்கிட்டு ஒருத்தி நிப்பாளே, பாத்தியா? சிரிச்சுப் பேசுனாளா? உன்கிட்ட சிரிச்சுப் பேசியிருக்கா. சரி, நல்லா இருக்கட்டும். அவ என் பொண்ணுதான். சுகந்தி. ஷூ எடுத்துக் குடுக்கிற வேலைக்குச் சேர்ந்தவ, அஞ்சு வருஷத்துல அந்த செக்‌ஷனுக்கே இப்ப அவதான் இன்சார்ஜ்.

இந்த ஊர்ல பேண்ட் தேடி நான் ஏறி இறங்காத கடை கிடையாதும்மா. அந்தக் கடை ஒண்ணத் தவிர.

பேண்ட் யாருக்குன்னா கேக்கற? பாரு, நீயும் அப்படிப் பாக்கற. எல்லாரும் இப்படித்தான் ஏற இறங்கப் பாக்கறாங்க. எனக்குத்தான். பேண்ட் எனக்குத்தான். அம்பத்தி நாலு வயசு ஆவுது, பேரு பூங்காவனம், பெரம்பூர் மார்க்கெட்டுக்குப் பின்னாடித் தெருவுல ப்ளவுஸ் தைக்கிறேன். எனக்குப் பேண்ட் வேணும். இதுல சிரிக்க என்னா இருக்கு?

காலையில மாநகராட்சி மைதானத்துல நடக்கப் போவேன். சுகர் வந்திடுச்சு, டாக்டர் நடன்னுட்டாரு. அங்க ஜெபமணி டீச்சர் வருவாங்க. ரிட்டயர்டு பி.டி. டீச்சர், நம்ம சுகந்தி படிச்ச ஸ்கூல்லதான் இருந்தாங்க. வயசானவங்களுக்குன்னு தனியா விளையாட்டுப் போட்டி நடத்துறாங்களாம்மா, தெரியுமா உனக்கு? முப்பத்தஞ்சு வயசுக்கு மேல யார் வேணா போகலாம். டீச்சர் ஒருநாள் ஒரு இரும்புக் குண்ட என் கையில குடுத்து, "தள்ளு பாக்கலாம்"னாங்க. மூணு கிலோ. நான் என்னத்தக் கண்டேன், தண்ணி லாரியில புடிச்ச குடத்த மாடிக்குத் தூக்குற மாதிரி தோள்ல வச்சு ஒரு தள்ளு தள்ளுனேன். டீச்சர் போய் டேப் வச்சு அளந்துட்டு அங்கயே நின்னுட்டாங்க. "பூங்காவனம், இத்தன வருஷமா இந்தக் கைய எங்க வச்சிருந்த?"ன்னாங்க. மெஷின்லதான் வச்சிருந்தேன், வேற எங்க வைக்கிறது.

பேரு குடுத்தாச்சு. வர்ற ஞாயித்துக்கிழமை போட்டி. நாளைக்கு மறுநாள்! நோட்டீஸ்லயே போட்டிருக்கான், புடவை, நைட்டி, சுடிதார் கூடாது, விளையாட்டு உடை கட்டாயம்னு. அதுவும் சரிதான். புடவையோட அந்த வட்டத்துக்குள்ள நின்னு, குந்தி, திரும்பித் தள்ளுனா முந்தானை ஒரு பக்கம் குண்டு ஒரு பக்கம் போவும். நானே பாத்துட்டேன்.

நீ டெய்லர்தானே, தைச்சுக்கிட்டா என்னன்னு கேப்ப. இந்த இழுத்தா நீளுற துணி என் மெஷின்ல ஓடாது கண்ணு. ஊசி தாவும். கடையிலதான் எடுக்கணும்.

மொதல்ல எம்.சி. ரோடு போனேன். வண்ணாரப்பேட்டை நமக்குத் தண்ணி பட்ட பாடு, லைனிங் துணி பூரா அங்கதான் எடுப்பேன். ட்ராக் பேண்ட் காட்டுப்பான்னா, "பையன் என்ன சைஸுக்கா?"ங்கறான். பையன் இல்லப்பா, எனக்குன்னேன். அவன் பக்கத்துக் கடைக்காரனப் பாத்தான். பக்கத்துக் கடைக்காரன் என்னப் பாத்தான். அப்புறம் ஒரு கட்டு நைட்டிய எடுத்து முன்னாடி பிரிச்சுப் போட்டு, "இது காத்தோட்டமா இருக்கும் பாருக்கா"ங்கறான். நான் இருபத்தஞ்சு வருஷமா துணி எடுக்கிற கடை! நாக்கப் புடுங்கிக்கிற மாதிரி நாலு கேட்டுட்டுத்தான் எறங்குனேன். இனிமே அந்தக் கடையில லைனிங்கும் எடுக்க மாட்டேன்.

அடுத்தது தி.நகர். ரங்கநாதன் தெருவுல நசுங்கி, ஒரு பெரிய கடைக்குள்ள போய், மூணாவது மாடிக்குப் போங்க, இல்ல அஞ்சாவதுக்குப் போங்கன்னு விரட்டி விரட்டி ஏத்துனாங்க. அங்க யூனிஃபார்ம் புடவை கட்டுன ஒரு பொண்ணு, சின்னப் பொண்ணுதான், பாவம் காலையிலேர்ந்து நின்னுக்கிட்டே இருக்கும்போல, லெக்கின்ஸ எடுத்துக் காட்டுது. தோலோட தோலா ஒட்டிக்கிற மாதிரி. இது எனக்கு வேணாம்மா, லூசா வேணும்னேன். "ஆன்ட்டி, உங்க ஏஜுக்கு லூசா ஸ்போர்ட்ஸ் பேண்ட் வராது"ன்னுச்சு. என் ஏஜுக்கு வராதா? என் ஏஜுக்கு சுகர் வருது, மூட்டு வலி வருது, பேண்ட் மட்டும் வராதா? கேட்டேன். நல்லா கேட்டேன். அந்தத் தளமே திரும்பிப் பாத்துச்சு.

பாண்டி பஜார், புரசைவாக்கம், பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தை, எல்லாம் பாத்தாச்சு. ஒண்ணுல நீளம் சரியா இருந்தா இடுப்பு பத்தாது. இடுப்பு சரியா இருந்தா பாக்கெட் இருக்காது. செருப்பு தேஞ்சதுதான் மிச்சம்.

என்னா கேக்கற? பொண்ணுகிட்ட கேக்க வேண்டியதுதானேன்னா?

கேக்காமலா? மொத மொதல்ல அவகிட்டதான் கேட்டேன். எம்.சி. ரோடுக்கெல்லாம் முன்னாடி. போன் பண்ணி, "சுகந்தி, அம்மாவுக்கு ஒரு ட்ராக் பேண்ட் வேணும்டி, போட்டியில கலந்துக்கப் போறேன்"னு சொன்னேன். எவ்ளோ ஆசையா சொன்னேன் தெரியுமா? சிக்னல் போச்சோன்னு ஹலோ ஹலோங்கறேன். அப்புறம் சொல்றா, "உனக்கு ஏத்த மாதிரி எங்க கடையில எதுவும் இல்லம்மா"ன்னு. ஏண்டி, மூணு மாடி கடையில எனக்கு ஒண்ணு இருக்காதான்னேன். "இருக்கறதெல்லாம் உனக்கு நீளம் பத்தாது. நீதான் டெய்லராச்சே, கீழ ஒட்டு போட்டுக்கோ"ன்னா. வச்சுட்டா.

நான் இருக்கேன் பாரு, ஏதோ தையல் யோசனை சொல்றான்னு நினைச்சுக்கிட்டேன். அதுவும் நல்ல யோசனைதான்னு நினைச்சேன், நிஜமா சொல்றேன். ஆனா பெத்த தாய்க்கு ஒரு பேண்ட் எடுத்து வைக்கத் தோணல பாரு, அதுதான் மூஞ்சில அடிச்ச மாதிரி இருந்துச்சு. அந்தக் கடைப் படிய மிதிக்க மாட்டேன்னு அப்பவே வைராக்கியம் வச்சுட்டேன்.

அவள எப்படி வளத்தேன் தெரியுமா? சொல்றேன் கேளு. ஒன்பதாவது படிக்கிறா. வாலிபால் டீம்ல சேத்துட்டாங்க. நல்லா ஆடுவாளாம், டீச்சர்தான் சொன்னாங்க, நான் எங்க போய்ப் பாத்தேன். மண்டலப் போட்டிக்கு ஸ்கூல்ல டிரஸ் குடுத்தாங்க. பிரிச்சுப் பாக்கறேன், அரை ட்ராயர்! இத்தூண்டு. நேவி ப்ளூ கலர். தொடை பூரா வெளிய தெரியும். வயசுக்கு வந்த பொண்ணு, இதப் போட்டுக்கிட்டு ஊர் முன்னாடி குதிக்கிறதா? முடியாதுன்னுட்டேன். ஜெபமணி டீச்சர் வீட்டுக்கே வந்துட்டாங்க. அதாங்க விளையாட்டு உடை, எல்லாப் பிள்ளைங்களும் போடுது, அவ இல்லன்னா டீமே இல்லன்னு கெஞ்சுறாங்க. உங்களுக்கு ஒரு பொண்ணு இருந்தா இப்படி அனுப்புவீங்களான்னு கேட்டேன். எழுந்து போயிட்டாங்க.

ஆனா நான் கல்நெஞ்சுக்காரி இல்ல. புள்ள ரெண்டு நாளா சாப்பிடல. சரின்னு நானே ஒரு வழி பண்ணேன். அதே நேவி ப்ளூ தேடி எம்.சி. ரோடு பூரா அலைஞ்சேன். அந்தக் கலர் கிடைக்கவே இல்ல. கறுப்புதான் கிடைச்சுது. ரெண்டு காலுக்கும் ஆறு ஆறு இன்ச் ஒட்டு போட்டு முட்டிக்குக் கீழ எறக்கிட்டேன். என்னா வேலைங்கற! உள்பக்கம் பிசிறு தெரியாம மடிச்சுத் தைச்சு, இஸ்திரி போட்டு, புதுசு மாதிரி மடிச்சுக் குடுத்தேன். இப்ப மானமாவும் இருக்கு, ஆட்டமும் ஆச்சு, போய் ஜெயிச்சுட்டு வாடின்னு அனுப்புனேன். அவ வாங்கிப் பைக்குள்ள வச்சுக்கிட்டுப் போனா.

அன்னிக்குப் பாத்து அவளுக்கு வயித்து வலி. ஆடவே இல்லயாம். டீமும் தோத்துப்போச்சு. சாயந்திரம் வந்து சுருண்டு படுத்துட்டா. நான் பதறிப்போய் ஓமத்த வறுத்துக் கொதிக்க வச்சு, கசக்கக் கசக்கக் குடுத்தேன். குடிச்சா. மூணு நாள் குடுத்தேன், மூணு நாளும் மொகத்தச் சுளிக்காம குடிச்சா. அதுக்கப்புறம் வாலிபால் பக்கமே போகல. அவளேதான் விட்டா. நான் விடச் சொல்லல. வேணும்னா அவளையே கேட்டுக்கோ, நான் விடச் சொல்லவே இல்ல.

எங்க விட்டேன்? ஆங், பேண்ட்டு. கடைசியா பெரியமேடு போனேன். ஸ்டேடியத்துகிட்ட வரிசையா ஸ்போர்ட்ஸ் கடைங்க இருக்குமே, அங்க. கடைக்காரர் ஒரு பாய், தாடி வச்சவரு. அவர் ஒருத்தர்தாம்மா இந்த ஊர்ல பேண்ட் யாருக்குன்னு கேக்காதவரு. "என்ன விளையாட்டும்மா?"ன்னு கேட்டாரு. குண்டு எறியறேன்னேன். "எத்தன கிலோ?"ன்னாரு. மூணு கிலோன்னு நிமிந்து நின்னு சொன்னேன். லேடீஸ்ல உங்க அளவு இல்லம்மா, ஜென்ட்ஸ்ல பாருங்கன்னு எடுத்துப் போட்டாரு. நான் பையிலேர்ந்து இன்ச் டேப்ப எடுத்து அங்கயே அளந்தேன். புடவைக்கு உள்ள மாட்டிக்கிட்டு, கடைக்கு நடுவுல குந்தி எழுந்து, கையில குண்டு இருக்கற மாதிரி ஒரு தள்ளும் தள்ளிப் பாத்தேன். வந்த கஸ்டமருங்க ஒதுங்கி நின்னாங்க. நிக்கட்டும்.

தொடை சேர்ற எடத்துல துணி கொஞ்சம் குறைச்சலா வெட்டியிருக்கான்னு அப்பவே கண்ணுக்குத் தெரிஞ்சுது. ஆம்பளைக்கு வெட்டுனது. ஆனா அலைஞ்சு அலைஞ்சு ஓஞ்சு போயிருந்தேன். எடுத்துட்டேன்.

நேத்து காலையில மைதானத்துல போட்டுக்கிட்டுப் போனேன். எங்க வீட்டுக்காரர் ஏகாம்பரம், பேப்பர்லேர்ந்து தலைய நிமித்தி ஒரு பார்வை பாத்தாரு. என்னா பாக்கறீங்கன்னேன். மறுபடி பேப்பருக்குள்ள போயிட்டாரு. அந்தப் பயம் இருக்கணும்.

மொத ரெண்டு தள்ளும் நல்லாப் போச்சு. மூணாவதுக்கு நல்லா குந்துனேனா, டர்ர்னு கிழிஞ்சுடுச்சு. முன்னாடியிலேர்ந்து பின்னாடி வரைக்கும். டீச்சர் துண்டக் குடுத்தாங்க, சுத்திக்கிட்டேன். வெக்கமெல்லாம் படல. கிழிஞ்சா என்ன டீச்சர், வீட்டுல கறுப்புத் துணி கிடக்கு, ஒரு ஒட்டு போட்டா போச்சு, ஞாயித்துக்கிழமைக்கு ரெடியாயிடும்னேன்.

டீச்சர் தலைய ஆட்டுனாங்க. "ஒட்டு வேணாம் பூங்காவனம்"னாங்க. ஏன்னேன். "வேற துணி தெரிஞ்சா வெளிய அனுப்பிடுவாங்க. ஒரு தடவ பாத்துட்டேன். இன்னொரு தடவ என்னால பாக்க முடியாது"ன்னாங்க.

யாரப் பாத்தீங்கன்னு நான் கேட்டேன். கேட்டிருக்கவே கூடாது.

சுகந்திக்கு அன்னிக்கு வயித்து வலியெல்லாம் ஒண்ணும் இல்லயாம்மா. கோர்ட்டுக்குள்ள எறங்கியிருக்கா. ரெஃபரி விசில் அடிச்சு நிறுத்தி, இது என்ன டிரஸ், ஆறு பேருக்கும் ஒரே மாதிரி இருக்கணும், வெளிய போன்னுட்டானாம். எதிர் டீம் புள்ளைங்க கறுப்புப் பாவாடை, கறுப்புப் பாவாடைன்னு கத்தியிருக்குதுங்க. மாத்திக்க வேற ட்ராயர் இல்ல. ஆட்டம் முடியிற வரைக்கும் பெஞ்சுல ஒக்காந்து, அந்த ஒட்டு தெரியாம ரெண்டு கையாலயும் முட்டிய மூடிக்கிட்டே இருந்தாளாம். டீச்சர்கிட்ட சத்தியம் வாங்கியிருக்கா, அம்மாகிட்ட சொல்லாதீங்க, அம்மா ரெண்டு நாளா தூங்காம தைச்சாங்கன்னு.

அந்த ரெஃபரி கட்டையில போக! ஒரு சின்னப் புள்ளைய அத்தன பேர் முன்னாடி வெளிய போன்னு சொல்ல வாய் எப்படி வந்துச்சு? அவன் வீட்டுல பொம்பளப் புள்ள இல்லயா? டீச்சரையும் விடல நான். பதினேழு வருஷமா வாயில என்ன வச்சிருந்தீங்கன்னு கேட்டேன். கேப்பேன்தானே? இவளும்தான், வந்து ஒரு வார்த்தை சொல்றதுக்கு என்ன? சொல்லியிருந்தா நேரா போய் அவன் சட்டையப் புடிச்சிருப்பேன். என் தையல்ல என்னடா குறை கண்டன்னு கேட்டிருப்பேன். என்ன குறை? சொல்லு. ஆறு இன்ச்சும் ஒரே அளவு, நூல் பிசகல. தையல்ல ஒரு குறை கிடையாது.

தையல்ல குறை கிடையாதும்மா.

நேத்து பூரா மெஷின் முன்னாடி ஒக்காந்திருந்தேன், ஒரு ப்ளவுஸ் முடிக்கல. எனக்கு அந்த ரெஃபரி நினைப்பு கூட அப்புறம் வரல. அந்த ஓமத் தண்ணிதான். வயித்து வலியே இல்லாத புள்ள, மூணு நாள், மடக் மடக்னு குடிச்சாளே. கசக்குதுன்னு கூட ஒரு வார்த்தை சொல்லலயே. நான் வேற டம்ளர வாங்கிப் பாத்து, சமத்து, ஒரு சொட்டு மிச்சம் வைக்கலன்னு தலையத் தடவிவிட்டேன்.

அழுவல, அழுவல. ஜன்னல் காத்து. நான் எதுக்கு அழுவுறேன்? மன்னிப்புக் கேக்கப் போறேன்னு நினைச்சியா? அதெல்லாம் நம்ம பரம்பரையிலயே கிடையாது. அவ தாத்தா, அப்பா, நான், ஒருத்தரும் ஒருத்தர்கிட்டயும் கேட்டதில்ல.

அயனாவரம் தாண்டியாச்சா? இந்த பஸ் எங்க போவுதுன்னு தெரிஞ்சுதானே ஏறியிருக்கேன். ரவுண்டானாலதான் எறங்கறேன். அந்தக் கடைக்குத்தான்.

வைராக்கியம் வைராக்கியமாத்தான் இருக்கு. அம்மாவா போனாத்தானே வைராக்கியம்? நான் கஸ்டமரா போறேன். கஸ்டமர் வந்தா வாங்க மேடம்னு சொல்லணும்ல? எடுத்துக் காட்டணும்ல? உனக்கு ஏத்தது இல்லம்மான்னு போன வைக்க முடியாதுல்ல? நேரா போய் அவ முன்னாடி நிப்பேன். இந்த ட்ராக் பேண்ட் கழுதையெல்லாம் எனக்கு வேணாம். அரை ட்ராயர் கேக்கப் போறேன். ஆமா, அரை ட்ராயர். நேவி ப்ளூல. பாரு, இப்ப நீயே வாயப் பொத்துற! எனக்கு அம்பத்தி நாலு வயசு, முட்டியில கறுப்புத் தழும்பு, பின்னங்கால்ல நரம்பு சுருட்டிக்கிட்டு நிக்குது. ஸ்டேடியமே பாக்கட்டும். எம்.சி. ரோடுக்காரன் பாக்கட்டும். எங்க தெருவே நாற்காலி போட்டு ஒக்காந்து பாக்கட்டும். ஏகாம்பரத்தையும் இழுத்துக்கிட்டுப் போய் மொத வரிசையில ஒக்கார வைக்கிறேன்.

அவ வருவாளா? ஞாயித்துக்கிழமை கடையில கூட்டமா இருக்கும். லீவு குடுக்க மாட்டான். வரலன்னா போறா.

வந்தா நல்லாருக்கும்.

தோ, ரவுண்டானா வந்திடுச்சு. அந்தப் பைய எடும்மா, அதுலதான் இன்ச் டேப் இருக்கு. இல்ல, நான் அளக்கப் போறதில்ல. அத அவ கையில குடுத்துடுவேன். இடுப்ப அவ அளக்கட்டும். முட்டிக்கு மேல எத்தன இன்ச்சுன்னும் அவளே சொல்லட்டும். அவ எங்க விரல வைக்கிறாளோ அதுதான் நீளம். நான் வாயே தொறக்க மாட்டேன்.

நகரு கண்ணு, எறங்கணும்.